மழையில்லாமல் ஒரு வானவில்

டிசம்பர் 2

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முடியவில்லை. உன் செல்ல வாலு ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் தெரியாமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பெரியம்மாவுக்கு எழுதும்மா, அவங்க கண்ணாடிக் கடை வச்சிருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரியும்" என்கிறாள். மூக்குக்கண்ணாடி விற்பவர்களுக்கு வானத்தில் நடப்பதெல்லாம் தெரியும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. நீயாகத்தான் இருக்கும்.

கேள்வி இதுதான்: மழை இல்லாமல் வானவில் வருமா?

இங்கே மழை ஓய்ந்து வெகுநாளாயிற்று. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. அணை மட்டும் விளிம்பு வரை நிரம்பி நிற்கிறது. எங்கள் வீட்டு வரிசை அணைக்கு நேர் கீழே, கிழக்குப் பக்கம் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். கொல்லைக் கதவைத் திறந்தால் மேற்கே முழுக்க அந்தச் சுவர்தான். போன வாரம் காலையில் துணி காயப்போடப் போனவள் பார்த்தேன். சுவர் போய் மலையில் முட்டுகிற இடது மூலையில், அடியில், ஒரு துண்டு வானவில். வில் என்று சொல்ல முடியாது, வில்லை உடைத்துப் போட்ட துண்டு. வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே மூலை. இப்போதெல்லாம் பால் வண்டி வந்தால் அதுவும் வந்துவிடுகிறது.

தெருவே கொல்லையில் நின்று பார்க்கிறது. பக்கத்து வீட்டு மதகு ஆபரேட்டர் மனைவி, "செவுத்துக்கு யாரோ கலர் ரிப்பன் கட்டி விட்டாப்புல இருக்கு" என்று சிரிக்கிறாள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வேண்டிக்கொள்கிறார்கள். வாலு என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. நீ வரவேண்டும் என்றுதான் இருக்கும்.

அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க?" என்றார். விரல் நீட்டிக் காட்டினேன். "அது பனி" என்று சொல்லிவிட்டு அணை வேலைக்குக் கிளம்பிவிட்டார். அது வேறு விஷயம். அதைப் பற்றி நீ எழுதாதே.

வாலுவுக்கு மட்டும் பதில் எழுது.

சுண்டு

*

டிசம்பர் 6

சுண்டு,

சண்டை முடியவில்லை என்று எழுதி நான்கு பக்கத்துக்குக் கதை சொல்லியிருக்கிறாய். நல்லது. ஏழு மாதமாக நீ வாயைத் திறக்காமல் இருந்ததைவிட இது மேல். அன்று சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது பொய் என்று நீ இன்றுவரை சொல்லவில்லை. சொன்ன இடம்தான் தப்பு என்றாய். அதை ஒப்புக்கொள்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த உன் மாமியார் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக இரவோடு இரவாகப் பெட்டியைக் கட்ட வைத்தாயே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

சரி. இனி வாலுவுக்கு.

கண்ணே, வானவில் வர இரண்டு பேர் வேண்டும். வெயில் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கவேண்டும், தண்ணீர்த் துளி உன் முகத்துக்கு முன்னால் இருக்கவேண்டும். வெளிச்சம் துளிக்குள் வளைந்து நுழையும், உள்சுவரில் பட்டுத் திரும்பும், மறுபடி வளைந்து வெளியே வரும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவுக்கு வளைவதால் வெளியே வரும்போது பிரிந்து நிற்கின்றன. சிவப்பு வெளி ஓரம், ஊதா உள் ஓரம். காலையில் சூரியன் கிழக்கே என்பதால் வில் மேற்கே தெரியும். மாலையில் கிழக்கே. உச்சி வெயிலில் தரையில் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது, சூரியன் தாழ்வாக இருந்தாக வேண்டும். துளி மழையாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. அருவிச் சாரல் போதும், தோட்டத்துக் குழாய் போதும்.

இன்னொன்று. வில்லுக்கென்று சொந்த இடம் கிடையாது. நீ நகர்ந்தால் அதுவும் நகரும். நீ பார்க்கிற வில்லும் பக்கத்தில் நின்று அம்மா பார்க்கிற வில்லும் ஒன்றல்ல. அவரவர் கண்ணுக்கு அவரவர் வில். இரண்டு பேர் ஒரே வானவில்லைப் பார்த்தது இதுவரை நடக்கவில்லை.

சுண்டு, இதற்கு மேல் உனக்கு. வில்லுக்கு இடம் இல்லை, ஆனால் துளிக்கு இடம் உண்டு. தினமும் அந்த மூலையில் மட்டும் தெரிகிறது என்றால் அந்த மூலையில் மட்டும் தண்ணீர் தெறிக்கிறது. அங்கே குழாய் ஏதாவது இருக்கிறதா? நாளைக் காலை வாலுவோடு தெரு நெடுக நடந்து பார். எங்கே வரை கூட வருகிறது, எங்கே அறுகிறது என்று எழுது.

அக்கா

*

டிசம்பர் 10

அக்கா,

நடந்தோம். வாலு முன்னால், நான் பின்னால், எங்களைப் பார்த்துத் தெருவே பின்னால். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கூடவே வந்தது. தொட்டியைத் தாண்டினதும் அறுந்துவிட்டது. திரும்பி வந்தால் மறுபடி ஒட்டிக்கொண்டது. வாலுவுக்கு ஒரே குஷி. "நாம போற பக்கம் எல்லாம் வருதும்மா, நாய்க்குட்டி மாதிரி" என்று ஆபரேட்டர் வீட்டில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தாள்.

அந்த மூலையில் குழாய் எதுவும் இல்லை. பாறையும் செம்மண் சரிவும்தான். வெறும் கண்ணுக்கே இப்போது வெள்ளையாகச் சாரல் தெரிகிறது, முன்பு தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். "அது பாறை ஊத்து. அணை நிறைஞ்சா வரும், கொறைஞ்சா போயிடும். நான் வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், தெளிவா இருக்கு" என்றார். தெளிவு என்பது அவர்கள் வேலையில் ஒரு வார்த்தை. கசியும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்வார். தெளிவு, இல்லை என்றால் கலங்கல். அவர் எப்போதும் தெளிவு என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு இதில் பயம் ஒன்றுமில்லை. எழுதச் சொன்னாய், எழுதினேன். வில் இப்போது முன்பைவிட அகலமாக இருக்கிறது, ரொம்ப அழகாக.

சுண்டு

*

டிசம்பர் 13

சுண்டு,

உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வில் அகலமானால் சாரல் அகலமாகிறது என்று அர்த்தம். ஊற்று என்றால் கசியும், வழியும், சொட்டும். தெருவுக்கே தெரிகிற மாதிரிப் பீச்சி அடிக்காது. பின்னாலிருந்து எதுவோ அதைத் தள்ளுகிறது. அந்த மூலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனக்கு வெளிச்சம்தான் தெரியும், அணை தெரியாது. அதனால் தெரிந்தவரைக் கேட்டேன். அணை கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் படிக்கிற கண்ணாடி மாற்ற வந்தார். பேச்சுவாக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டேன். கையிலிருந்த டீயை மேசையில் வைத்துவிட்டார்.

"எல்லா அணையும் கொஞ்சம் கசியும்மா. தெளிஞ்ச தண்ணியா வந்தா கவனிச்சுக்கலாம். கலங்கி வந்தா, உள்ள இருக்கிற மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்புறம் ரொம்ப நேரம் கொடுக்காது. அந்த மண்ணு என்ன நிறம்?"

"செம்மண்" என்றேன்.

"அப்ப தண்ணி லேசா செவக்குதான்னு தினமும் பக்கத்துல போய்ப் பார்க்கணும். அங்க யாரு பார்க்கிறாங்க?"

என்ன சொல்வேன்? பார்க்கிறவர் என் தங்கை வீட்டுக்காரர், அவருக்குச் சிவப்பு தெரியாது என்று சொல்லவா?

எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன். நிறம் தெரிகிறதா என்று சோதிக்கிற, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தை அன்று சாப்பாட்டு மேசையில் நான் திறந்து காட்டியபோது மாப்பிள்ளை ஒரு பக்கம்கூடச் சரியாகப் படிக்கவில்லை. சிவப்பு அவர் கண்ணில் இருட்டாகவோ பாசி நிறமாகவோதான் விழும். அது நோயும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனால் கலங்கலும் தெளிவும் அவருக்கு ஒன்றுதான். வானவில்லைக் காட்டியபோது எங்கே என்று கேட்டாரே, அதை நீ எனக்கு ஏன் எழுதினாய்? உனக்கும் அது உறுத்தியதால்தான் எழுதினாய்.

வேறு யாரையாவது அந்தத் தண்ணீரைப் பார்க்கச் சொல்.

அக்கா

*

டிசம்பர் 16

அக்கா,

நீ மாறவே மாட்டாய். வாலு கேட்ட ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் முன்னால் விட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாய்.

அவருக்குச் சிவப்பு தெரியாது என்று நீ கண்டுபிடித்தாயாக்கும். கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். பழுத்த பழம் என்று காயாக வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஊறுகாய் போட்டேன். அன்றிலிருந்து அவர் பென்சிலில் நான் நிறத்தின் பேர் எழுதி ஒட்டுகிறேன். ஒயர்களுக்கு அடையாளமாக நூல் கட்டித் தருகிறேன். கட்டுப்பாட்டு அறையில் மேல் விளக்கு எரிந்தால் ஆபத்து, கீழ் விளக்கு எரிந்தால் சரி என்று இடத்தை வைத்தே இத்தனை வருஷம் ஒரு தவறு இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார். எவ்வளவு கஷ்டம் அது என்று உனக்குத் தெரியுமா? உனக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டத்தான் தெரியும்.

வேறு யாரையாவது பார்க்கச் சொல் என்கிறாய். ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் வேலை போகும், வேலையோடு வீடு போகும், இந்தத் தெருவில் அவர் தலை நிமிர்ந்து நடக்கிறது போகும். அவர் தூங்காமல் புரள்வதை நீ பார்க்கவில்லை. நான்தான் பார்க்கிறேன்.

இனி எழுதாதே. வாலு கேட்டால் பெரியம்மா ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

*

டிசம்பர் 19

சுண்டு,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், உயிரோடு இருந்தால்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். உங்கள் தெருவில் இருப்பதே அந்த ஒரு போன்தானே. மாப்பிள்ளைதான் எடுத்தார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். "தெளிவா இருக்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

பிறகு தலைமை அலுவலகத்துக்குச் செய்தேன். "அங்க பொறுப்புல இருக்கிறவர் தெளிவுன்னு சொல்லியிருக்காரும்மா. நீங்க யாரு?" என்றார்கள். அவர் கண்ணைப் பற்றி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் முகம் நினைவுக்கு வந்தது. கடைக்காரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் மனதில் வை. வெளிச்சம் துளிக்குள் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால் துளி சுத்தமாக இருக்கவேண்டும். அழுக்குக் கண்ணாடியில் என்ன தெரியும்? அந்த மூலையில் வில் தெரிகிறவரை தண்ணீர் தெளிவு. நீ பயந்துகொண்டாவது பொறுத்திருக்கலாம். வில் மங்கினால் பொறுக்காதே. வெயில் இருக்கிறது, சாரல் இருக்கிறது, ஆனால் வில் இல்லை என்று ஒரு காலை வந்தால், கதவைப் பூட்டக்கூட நிற்காதே. வாலுவைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடு.

அக்கா

*

டிசம்பர் 23

அக்கா,

இரண்டு நாளாக இங்கே மேகமூட்டம். வெயில் இல்லாததால் வில்லும் இல்லை. ஆனால் நான் அதிகாலையிலேயே கொல்லையில் போய் நிற்கிறேன். ஆபரேட்டர் மனைவி, "என்ன, ரிப்பனைக் காணோமா?" என்று கேலி செய்கிறாள்.

நேற்று அவர் என்னை அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் கூட்டிப் போனதில்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கை தடிமனுக்குப் பீறிட்டு எதிர்ப் பாறையில் அடித்துச் சிதறுகிறது. பேசினால் காது கேட்கவில்லை. கிட்டே குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"என்ன நிறம்?"

எத்தனையோ தடவை அவர் எனக்கு முன்னால் துணியையும் பழத்தையும் ஒயரையும் நீட்டியிருக்கிறார். ஒரு தடவைகூட வாய்விட்டு இப்படிக் கேட்டதில்லை. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன். தெளிவு என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் கை ரேகையில் ஏதோ தங்கியது. மங்கலான வெளிச்சம், என் கையே சிவந்திருந்தது, பாறையில் ஒட்டின மண்ணாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை அக்கா. அவர் காத்துக்கொண்டிருந்தார். "தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் மூச்சை விட்டார். திரும்பி வந்ததும் போனில் அதையே சொன்னார்.

இனி அவர் சொல்கிற தெளிவு என்னுடையது. இரவெல்லாம் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

நீ சொல், அது மண்தானா?

சுண்டு

*

டிசம்பர் 26

சுண்டு,

மண்தான். உனக்கும் தெரியும்.

சொன்னதை மாற்றிச் சொல். அவரிடம் இன்றைக்கே சொல். அவர் உன்னை வெறுக்கமாட்டார். வெறுத்தாலும் பரவாயில்லை. வாலுவை முதலில் அனுப்பு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தப் போகிறேன். அடுத்த பேருந்தில் அடிவாரச் சந்திப்பு வரைக்கும் வந்து காத்திருப்பேன். அதற்கு மேல் வண்டி கிடைத்தால் அங்கே வருவேன்.

அக்கா

*

டிசம்பர் 28, காலை

அக்கா,

இதைக் கொண்டு வருவது வாலு. பால் வண்டியில், வில் பார்க்க வந்து நின்ற தெருப் பிள்ளைகளை எல்லாம் ஏற்றி அனுப்புகிறேன். வண்டிக்காரர் சந்திப்பில் உன்னிடம் இறக்கிவிடுவார். அவளுக்குப் பேருந்தில் குமட்டும், ஜன்னலோரம் உட்கார வை. ஆனால் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவிடாதே.

உன் கடிதம் நேற்று வந்தது. மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதங்களை எல்லாம் எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி நீ எழுதியதையும் சேர்த்து. படித்து முடித்துவிட்டு, "உங்கக்கா கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். இரவு சாப்பிடவில்லை.

இன்று காலை வானம் சுத்தமாக விடிந்தது. வெயில் எங்கள் முதுகில் பட்டது. இருவரும் கொல்லையில் நின்றோம். சாரல் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி அடிக்கிறது. பால் வண்டிச் சத்தம் கேட்டது. வில் வரவில்லை. நான் இடம் மாறி மாறி நின்று பார்த்தேன். தொட்டி வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். வரவே இல்லை.

"எங்க?" என்றார் அவர். அன்றைக்குக் கேட்ட அதே கேள்வி.

"இல்லைங்க" என்றேன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார். "இன்னைக்குத்தான் நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி பார்க்கிறோம்."

உடனே போய்ப் போனை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "கலங்கல்" என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. "நான் பார்க்கல சார். எனக்குச் சிவப்பு தெரியாது. எப்பவும் தெரியாது. என் வீட்டுக்காரி பார்த்துச் சொல்றா, எழுதிக்கிடுங்க" என்றார். குரல் நடுங்கவில்லை. இதை மறைக்கத்தானே இத்தனை வருஷமும் நூல் கட்டினேன். அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆட்கள் வர மதியம் ஆகுமாம். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது, தண்ணீர் மட்டத்தை இறக்கவேண்டும் என்று அந்த மூலைப் பக்கத்து மதகுகளைத் திறக்க அவரும் ஆபரேட்டரும் சுவர் மேலே போயிருக்கிறார்கள். அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தியும் ஊதவில்லை, அது கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. அதனால் வண்டியை அனுப்பிவிட்டுக் கதவு கதவாக நான்தான் தட்டவேண்டும். முதல் கதவு ஆபரேட்டர் வீடு. அவள் சிரிப்பாள். சிரித்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

கிளம்பும்போது மாற்றுச் சட்டை கேட்டார். நான் சிவப்புச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். நான் எந்த வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாலும் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவேண்டும். அவர் என்ன நிறம் என்று கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த மூலையில் சிவப்பாக இரண்டு தெரிகின்றன அக்கா. மேலே அவர் சட்டை. கீழே தண்ணீர்.

சுண்டு